ஹூஸ்டனுக்கும் பீளமேட்டுக்கும் முப்பத்தேழு சென்டிமீட்டர்

துடியலூர்,
6-6-1993

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கிருபாசங்கர் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். மழை வருமா வராதா என்பதை அம்மாவின் முழங்கால் ரேடியோவுக்கு முன்பே சொல்லிவிடுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாமாவும் அக்ஷயாவும் எப்படி இருக்கிறீர்கள்?

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண் பெரியநாயக்கன்பாளையம், பெயர் நந்திதா. வெள்ளிக்கிழமை போய் உப்புச் சர்க்கரை மாற்றிவிட்டு வந்தோம். அவளுக்கு டிசம்பரில் கடைசிப் பரீட்சை இருப்பதால் முகூர்த்தம் தை பதினொன்று, அதாவது ஜனவரி 24, திங்கட்கிழமை.

ஃபோனில் சொல்லலாம் என்று எஸ்.டி.டி பூத்துக்குப் போனேன். உள்ளே பேசுகிறவர் குரல் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது. துடியலூருக்கே சேதி சொல்வதற்கு அமெரிக்காவுக்கு எதற்கு ஃபோன் என்று திரும்பிவிட்டேன்.

நீ வர வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இணைச்சீர். கூறைச் சேலையின் ஒரு நுனி என் கக்கத்தில் இருக்கும், மறு நுனியைக் கூடப்பிறந்தவள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அது முடியாமல் நான் மணவறை ஏற முடியாது என்பது உனக்குத் தெரியும். எனக்கு இருப்பது ஒரே அக்கா. நீ போய் ஐந்து வருஷமாகப் போகிறது. பேத்தியை அம்மா ஃபோட்டோவில்தான் கொஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

எந்தத் தேதியில் கிளம்புகிறாய் என்று எழுது. காரோடு பீளமேடு விமான நிலையத்தில் நிற்பேன்.

உன் தம்பி,
கிருபாசங்கர்

ஹூஸ்டன்,
24-6-1993

அன்புத் தம்பி சங்கருக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். நாங்கள் மூவரும் நல்லபடியாக இருக்கிறோம். அம்மாவை முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொல்.

நந்திதா உயரமா? உன்னைவிடப் படித்தவளா? படித்தவளாகத்தான் இருக்க வேண்டும், பரீட்சை எழுதுகிறாளே. ஃபோட்டோ அனுப்பு.

வருவதைப் பற்றி. ஜனவரியில் இங்கே நல்ல குளிர். அக்ஷயாவை அப்போதுதான் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார்கள். உன் மாமா புதுக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார், லீவு கேட்க முடியாது. நானும் குழந்தையும் மட்டும்தான் வர வேண்டியிருக்கும். இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் அம்சவேணி இருக்கிறாளே. அவளும் உனக்கு அக்காதான். பார்க்கவும் லட்சணமாக இருப்பாள்.

நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், கப்பலில் வந்தால் எத்தனை நாள் ஆகும்?

அன்புடன் அக்கா,
துளசிமணி

துடியலூர்,
11-7-1993

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். தைலம் தேய்த்து அம்மா மாடிப்படி ஏறிவிட்டாள். இறங்குவதற்குத்தான் நான் போக வேண்டியிருந்தது. நந்திதா ஃபோட்டோ உள்ளே இருக்கிறது. உயரம் என்னைவிட இரண்டு இஞ்சு குறைவு. படிப்பில் என்னைவிட எத்தனை இஞ்சு என்று கேட்காதே.

கப்பலில் எத்தனை நாள் என்று கேட்ட உன் குசும்பை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்புறம் எனக்கே ஒரு ஆசை வந்தது. உனக்கும் எங்களுக்கும் நடுவில் உண்மையில் எவ்வளவு தூரம்? உயர்நிலைப் பள்ளிப் பூகோள வாத்தியார் லட்சுமிநாராயணன் சாரிடம் உலக உருண்டையை ஒரு நாள் இரவல் வாங்கி நம் மோட்டார் பட்டறை மேஜையில் வைத்தேன். கோயமுத்தூரில் ஒரு நுனி, ஹூஸ்டனில் ஒரு நுனி என்று மோட்டார் கம்பிச் சுருளைக் கட்டுகிற நூலை இழுத்துப் பிடித்தேன். சரியாக முப்பத்தேழு சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு நானூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்தால் பதினையாயிரத்து முந்நூற்று ஐம்பத்தைந்து. விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் போகிறது. பதினேழு மணி நேரம். அவ்வளவுதான் அக்கா. மெட்ராஸ் போய்ப் பட்டுச்சேலை எடுத்துத் திரும்பினால் நமக்கு அதைவிடக் கூட ஆகிறது.

ஒரு வேடிக்கை. நூல் ஐரோப்பா பக்கமாகவெல்லாம் போகவில்லை. நேராக மேலே ஏறி, வடதுருவத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்குகிறது. உன் காலடியில் பனிக்கட்டி தவிர வேறொன்றும் இருக்காது. அப்பா ரொம்ப நேரம் உருண்டையையே பார்த்துவிட்டு, “அத்தனை குளிருல பிளேனோட எண்ணெய்க் குழாய் ஒறஞ்சு போகாதா கண்ணு?” என்று கேட்டார்.

டிக்கெட் எப்போது எடுக்கிறாய்?

உன் தம்பி,
கிருபாசங்கர்

ஹூஸ்டன்,
2-9-1993

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் சுகம். நந்திதா அழகாக இருக்கிறாள். கண்ணில் அறிவு தெரிகிறது, உன் நல்ல காலம்.

நான் ஜனவரியில் வருவதற்கில்லை. காரணங்களைப் போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன். அம்சவேணியையே நிற்கச் சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

துளசிமணி

மாப்பிள்ளைக்கு உங்கள் மாமா நாச்சிமுத்து எழுதுவது. தபாலில் போட என்னிடம் கொடுத்தாள், ஒட்டுவதற்கு முன் நாலு வரி சேர்க்கிறேன். லீவும் பள்ளிக்கூடமும் காரணமே இல்லை. அவளுக்கு விமானம் என்றால் பயம். இங்கே வந்தபோது வழியெல்லாம் கண்ணைத் திறக்கவில்லை. என் முழங்கையில் நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. உங்கள் நூல் வடதுருவம் போனதிலிருந்து சோறு இறங்கவில்லை. நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

துடியலூர்,
16-9-1993

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்கென்று அரிசிமாவு முறுக்குக்கு இப்போதே திட்டம் போடுகிறாள், எந்த வாயால் சொல்வது? அம்சவேணி அக்காவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் ஈரோடு போய் அரக்கு நிறத்தில் பட்டுச்சேலையே எடுத்துவிட்டாள்.

அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் என் பக்கத்தில் நீ நிற்க வேண்டும் என்று நினைத்துத்தான் பெண் பார்க்கவே ஒத்துக்கொண்டேன். இதை நேரில் சொல்லியிருந்தால் கிண்டல் செய்திருப்பாய். கடிதம் என்பதால் எழுதுகிறேன்.

வடதுருவத்தை மறந்துவிடு. வாத்தியாரிடம் கேட்டேன், அந்த வழியில் யாரும் போவதில்லையாம். நூல் போன பாதை அது, விமானம் ஊர் ஊராகத்தான் வரும். பதினேழு மணி நேரத்தையும் ஒரே மூச்சாக நினைக்காதே. துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஒரு மணி நேரம். இதில் யாருக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. அதே போல ஒரு மேட்டுப்பாளையம், இன்னொரு மேட்டுப்பாளையம். அப்படிப் பதினேழு.

பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று எழுது. நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

உன் தம்பி,
கிருபாசங்கர்

ஹூஸ்டன்,
4-10-1993

சங்கர்,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முழித்த முழியிலேயே தெரிந்துவிட்டது. அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசிவிட்டேன், ரசம் நன்றாக இருக்கிறது என்றார்.

ஆமாம், பயம்தான். உன்னைக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கியவள் நான். ஊரில் எல்லோரும் துளசிமணிக்குத் துணிச்சல் என்பார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இதை யாரிடம் சொல்வது? ஐந்து வருஷமாக வராததற்கு நம் சொந்தக்காரர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அமெரிக்கா போய்த் தலைக்கனம் என்கிறார்கள். பயந்தாங்கொள்ளி என்பதைவிட அது பரவாயில்லை என்று சும்மா இருந்துவிட்டேன்.

விழுந்துவிடும் என்றுகூட இல்லை கண்ணு. போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று சத்தம் மாறும். என்ன ஆயிற்று என்று கேட்க ஆள் கிடையாது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். உன் மாமா பெல்ட்டைப் போட்டதும் தூங்கிவிட்டார், அதற்கு அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருத்திதான் முழித்துக்கொண்டு விமானத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். கண்ணைத் திறந்ததே ஹூஸ்டனில்தான். எத்தனை மணி நேரம், எந்த வழி என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது.

எனக்கு வர வேண்டும் சங்கர். தினமும் அதே நினைப்புதான். உன் கூறைச் சேலை நுனியை அம்சவேணி பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தால் அழுகையாக வருகிறது. ஆனால் அந்தப் படியில் கால் வைக்க என்னால் முடியாது.

துளசிமணி

துடியலூர்,
31-10-1993

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எழுதியிருந்தேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவதற்கு முன் மேலே படி.

பட்டறையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னதும் கையைத் துடைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பழனிக்கு அவர் எப்போதும் படியேறித்தானே போவார். மலைமேல் இழுத்துப் போகிற விஞ்ச் வந்த நாளிலிருந்து நாமெல்லாம் விஞ்சில், அவர் மட்டும் படியில். கால் வீங்கின வருஷம்கூடப் படிதான். அந்த பக்தியை அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாளே.

“பக்தியெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு,” என்றார். “எனக்கு அந்த விஞ்சுல ஏறப் பயம். உங்கம்மாளுக்குத் தெரியாது. அக்காகிட்ட மட்டும் சொல்லிப்போடு.”

நான் சிரித்த சிரிப்பில் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டேன். அவரும் சிரித்தார். அப்புறம் கொஞ்சம் கண் கலங்கி, என் ரத்தம்தான் அதுக்கு வந்திருக்குது என்றார். பயம் உனக்கு வழியில் ஒட்டிக்கொண்டதில்லை அக்கா. பிறந்த வீட்டுச் சீர்.

இப்போது என் யோசனை. இந்தக் கடிதத்தோடு தனியாக ஒரு பார்சல் வரும். அதில் பதினேழு கடிதங்கள், ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டிருக்கிறது. விமானம் கிளம்பினதும் ஒன்று பிரி. ஒரு மணி நேரம் ஆனதும் அடுத்தது. முன்கூட்டிப் பிரிக்கக் கூடாது. இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம் கணக்கில் சேராது. பன்னிரண்டு நான் எழுதினேன். இரண்டு அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. இரண்டு நந்திதா எழுதினாள், என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை. ஒன்று அப்பா.

கேட்க ஆள் இல்லை என்று எழுதினாயே. மணிக்கு ஒரு ஆள் கூட வருகிறோம்.

உன் தம்பி,
கிருபாசங்கர்

ஹூஸ்டன்,
3-12-1993

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம், பார்சல் வந்தது. அப்பாவின் விஞ்ச் கதையைப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். உன் மாமா பயந்து ஓடி வந்தார். அப்பாவுக்கு என் நமஸ்காரம். அம்மாவிடம் நானும் சொல்லமாட்டேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். ஜனவரி 18 செவ்வாய் சாயங்காலம் இங்கிருந்து லண்டன். அங்கே பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து, பம்பாய். 20 வியாழன் மத்தியானம் பம்பாயிலிருந்து கிளம்பி மாலை ஐந்து மணிக்குப் பீளமேடு. ஆகாயத்தில் மட்டும் எத்தனை மணி நேரம் என்று ஏஜென்ட் சொல்ல வந்தார். வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொண்டேன். உன் பதினேழு எனக்குப் போதும்.

லண்டன்வரை வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். அங்கே இறங்கி மறுபடி ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டால் உன் கல்யாணத்துக்கு லண்டனிலிருந்து தந்தி வரும். அதனால் அம்சவேணியிடம் இன்னும் ஒன்றும் சொல்லாதே.

அக்ஷயா உன் கடிதக் கட்டைத் தினமும் எடுத்து எண்ணுகிறாள். பதினேழுவரை அப்படித்தான் எண்ணக் கற்றுக்கொண்டாள்.

அக்கா,
துளசிமணி

எட்டாம் மணிக்குப் பிரிக்க வேண்டியது

அன்பு மகள் துளசிமணிக்கு அப்பா ஈஸ்வரமூர்த்தி எழுதுவது. நீயும் குழந்தையும் சுகமாக இருக்க முருகன் துணை.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தெரிந்ததை எழுதுகிறேன். மோட்டார் லோடு எடுக்கும்போது ஒரு சத்தம், லோடு குறைந்தால் ஒரு சத்தம். விமானம் மேலே ஏறும்வரை தம் கட்டும், ஏறி முடிந்ததும் தம் விடும். இறங்கும்போது இன்னொரு மாதிரி. சத்தம் மாறினால் கெட்டுப்போயிற்று என்று அர்த்தமில்லை அம்மணி, வேலை மாறுகிறது என்று அர்த்தம். ஓடுகிற மோட்டாரில் நான் சத்தத்துக்குப் பயப்படுவதில்லை, வாடைக்குத்தான் பயப்படுவேன். உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி கருகினால் முதலில் வாடை வரும். மூச்சை இழுத்துப் பார். கருகல் வாடை வருகிறதா? வரவில்லையென்றால் சாப்பிட்டுவிட்டுப் படு.

அப்பா

பதினேழாம் மணிக்குப் பிரிக்க வேண்டியது

அக்கா, முடிந்தது. இதை நீ பிரிக்கும்போது விமானம் பீளமேட்டில் இறங்கிக்கொண்டிருக்கும். ஜன்னல் மூடியைத் திறந்து கீழே பார். வேலிக்கு இந்தப் பக்கம் மஞ்சள் சட்டை போட்டுக் கையாட்டிக்கொண்டிருப்பது நான். பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு இருப்பது அம்மா. இறங்கி வா.

சங்கர்

ஆகாயத்தில்,
20-1-1994

அன்புத் தம்பி கிருபாசங்கருக்கு,

அக்கா எழுதுவது. நானும் அக்ஷயாவும் சுகம். நீ மட்டும் இப்போது என் கையில் கிடைத்தால் சுகமாக இருக்கமாட்டாய்.

உன் பதினேழாம் கடிதத்தை விதிப்படி நேரம் பார்த்துத்தான் பிரித்தேன். ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருந்தாய். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக நானே கையை நீட்டித் திறந்தேன். மஞ்சள் சட்டை இல்லை, தூக்குப்போசி இல்லை. கீழே கண்ணுக்கெட்டியவரை கடல். பம்பாய்க்கே இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் என்றாள் பணிப்பெண். அதற்கப்புறம் கோயமுத்தூருக்கு இரண்டு மணி நேரம். நீ நூலை நேராக இழுத்தாய், இவர்கள் லண்டனைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். கணக்கில் மூன்று மணி நேரம் உதைக்கிறது என்ஜினியரே. கடலுக்கு மேலே கடிதம் தீர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்.

லண்டன் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது கடிதத்தில் அங்கே வந்து சேர்ந்தேன். எட்டாவதில் அப்பா சொன்ன மாதிரி மூச்சை இழுத்துப் பார்த்தேன், காபி வாடைதான் வந்தது. சிரித்துவிட்டேன், சாப்பிட்டும் விட்டேன். ஆனால் லண்டனில் இறங்கின பிறகு மறுபடி ஏறக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு எதிரே இன்னொரு அம்மாவும் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். முக்காடு போட்டு, மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தார். அக்ஷயா நேராகப் போய், உங்களிடம் எத்தனை கடிதம் இருக்கிறது என்று கேட்டாள். அவர் பெயர் உம்மல் குல்சும். நம் கோயமுத்தூர் கோட்டைமேடு. லண்டனில் மகன் வீட்டுக்கு வந்திருந்து தனியாகத் திரும்புகிறார். வரும்போது மகன் கூட வந்தானாம். இப்போது இந்த வாசலைத் தாண்டவே பயமாக இருக்கிறது என்றார். அவர் சொன்னதும் எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் எட்டுக் கடிதம் பாக்கி இருக்கிறது, வாங்க, படித்துக் காட்டுகிறேன் என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டுதான் ஏறினோம்.

எட்டையும் சத்தமாகவே படித்தேன். அம்மாவின் முறுக்குப் பக்குவத்தைக் கேட்டுவிட்டு அவர் எள்ளு போதாது என்றார். நந்திதா எழுதினதில், உன்னிடம் பேசும்போது என்னென்ன விஷயங்களைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மோட்டார் என்று பதில் சொல்லப் போகிறேன். பதினேழாவது முடிந்ததும் நான் கடிதத்தை மடித்து வைத்தேன். விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. அவர் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, “அடுத்த காயிதம் எங்கம்மா?” என்றார்.

இதோ இருக்கிறது என்று உன் பதினேழாவதைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். சத்தம் மாறும்போதெல்லாம் நான்தான் சொல்கிறேன், ஒன்றுமில்லைங்க, வேலை மாறுகிறது என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் பயப்பட மறந்துபோகிறேன் சங்கர். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கூடவேதான் இருக்கிறது. ஆனால் அதோடு வர முடிகிறது.

பம்பாயில் விமானம் மாறிவிட்டோம். இருவரும் இப்போதும் பக்கத்துப் பக்கத்து ஸீட். காகிதம் தீர்ந்து, வாந்தி வந்தால் பிடிக்கக் கொடுத்திருக்கும் பையில் எழுதுகிறேன். நல்ல தடித்த காகிதம். ஜன்னலை நான் மூடவே இல்லை. மலை தெரிகிறது. தென்னந்தோப்பும் அதற்குள் ஒரு கிணறும் தெரிகிறது, மேலிருந்து பார்த்தால் ஐந்து பைசா அளவுதான் இருக்கிறது. அக்ஷயா குல்சும் அம்மா மடியில் தூங்குகிறாள். இறங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

தபால்தலை ஒட்டப் போவதில்லை, கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கொடுத்ததும் உன்னைக் கட்டிக்கொண்டு அழுவேன், மஞ்சள் சட்டை பாழாகும். குல்சும் அம்மாவுக்கு ஒரு பத்திரிகை எடுத்து வை. அம்சவேணியிடம் அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வரச் சொல். வந்து பார்க்கட்டும். சேலை நுனியைப் பிடிக்கிறது நான்தான்.

உன் அக்கா,
துளசிமணி